ஃபிரிட்ஜ் நின்றுபோச்சா? கடைக்கு ஓடுமுன் பில்லைத் தேடுங்கள்

கோடையில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால் அரை நாளில் வீடே ஆட்டம் கண்டுவிடும். இட்லி மாவு பொங்கி வழியும், பால் திரிந்துவிடும், பெரியவர்களின் இன்சுலினை எங்கே வைப்பது என்ற கவலை வேறு. “இன்னைக்கு சாயந்திரமே புதுசு எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் மனம் வராது.

போலி ‘கஸ்டமர் கேர்’ ஆசாமி, பழுதைப் பூதாகரமாக்கும் மெக்கானிக், தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்னும் விற்பனையாளர் என்று எல்லாரும் காத்திருப்பது இந்த அவசரத்துக்குத்தான். மருந்தைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவைக் கொஞ்சமாக அரையுங்கள். இரண்டு நாள் அவகாசம் கிடைத்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

முதல் போன் யாருக்கு?

கம்பெனியின் சர்வீஸ் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடலில் மேலே வந்து நிற்கும் எண் மோசடிக்காரருடையதாக இருக்கலாம். பேச்சு மரியாதையாகத்தான் இருக்கும். “பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்தான்” என்று ஒரு லிங்க் வரும். அல்லது ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அது உங்கள் செல்போன் திரையை அவர்களுக்குக் காட்டிவிடும். பிறகு காலியாவது வங்கிக் கணக்கு.

சரியான எண் வாரண்டி அட்டையிலோ, பயனர் கையேட்டிலோ, கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ இருக்கும். ஓடிபி, யூபிஐ பின் எதையும் யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

‘பத்து வருஷ வாரண்டி’ எதற்கு?

ஃபிரிட்ஜ் கதவில் பெரிதாக ஒட்டியிருக்கும் ‘10 வருடம்’ பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். முழுப் பொருளுக்கான வாரண்டி பொதுவாக ஒரு வருடம். அது முடிந்த பிறகு கம்ப்ரஸர் போனால் கம்ப்ரஸர் இலவசமாக வரும். கேஸ் ஏற்றும் செலவு, வேலைக் கூலி, வண்டிக் கூலி ஆகியவை நம் தலையில் விழலாம். எலக்ட்ரானிக் போர்டு, கதவு ரப்பர் போன்றவை பல வாரண்டிகளில் அடங்காது. வாங்கும்போதே அட்டையின் பொடி எழுத்தைப் படித்துவிட்டால் பின்னால் வாக்குவாதம் மிஞ்சாது.

மெக்கானிக் வந்து பார்த்த ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். தேதி, என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றினார், எவ்வளவு வாங்கினார் என்று நான்கும் அதில் இருக்க வேண்டும். “சரி பண்ணியாச்சும்மா” என்ற வாய்ச்சொல் நுகர்வோர் ஆணையத்தில் செல்லாது. ஒரே பழுதுக்கு மூன்று முறை ஆள் வந்ததைக் காட்டும் மூன்று ஜாப் ஷீட்டுகள் வலுவான சாட்சி.

“விற்ற பொருள் வாபஸ் இல்லை”

பில்லின் அடியில் இப்படி அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளைக் கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில் 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அப்படியே. ஆனால், நிறம் பிடிக்கவில்லை, சமையலறைக்குப் பெரிதாகிவிட்டது என்பவை குறைபாடு ஆகா. அங்கே கடையின் விதிதான் செல்லும்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

வீட்டில் கிரைண்டர் வைத்து மாவரைத்து விற்றுப் பிழைப்பவர்கள், வியாபாரத்துக்கு வாங்கியதால் வழக்கு போட முடியாது என்று நினைக்க வேண்டாம். சுயதொழிலில் வயிற்றுப்பாட்டுக்காக வாங்கிப் பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.

புகார் செய்யும் வழி

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள், மின்னஞ்சல் போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் கம்பெனியிடம் பேசித் தீர்க்க முயல்வார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். பழுது நீக்கம், புதுப் பொருள், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிடலாம். வழக்கு இழுக்கலாம் என்பதும் உண்மை. ஆவணங்கள் சரியாக இருந்தால் பல விவகாரங்கள் அதற்கு முன்பே சமரசத்தில் முடிந்துவிடும்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஸ்டார் லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையும் பாருங்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்றால், மொத்தமாகப் பணம் கட்டினால் என்ன விலை, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கேட்காமலே கூடுதல் வாரண்டி பில்லில் ஏறியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்சில் பழையதற்குச் சொன்ன தொகை பில்லில் தனியாகத் தெரிய வேண்டும்.

பழைய ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். செம்புக் குழாயை வெட்டும்போது உள்ளிருக்கும் வாயு வெளியேறும். பின்பக்கத் தகட்டில் ‘ஆர்-600ஏ’ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, இவற்றை முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், அல்லது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

வீட்டில் ஒரு கோப்பு போதும்: மிக்ஸி முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாவற்றின் பில்லும், வாரண்டி அட்டையும், ஜாப் ஷீட்டும் அதில் இருக்கட்டும். பில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படமெடுத்து வீட்டில் இருவர் செல்போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.