‘எங்கள் நாய் கடிக்காது’



பெருநகரங்களில் குடியிருக்கும் நம்முடைய குடும்பங்களில் அண்மைக் காலமாக அடிக்கடி எழும்பும் ஒரு பிரச்சினையைக் குறித்து இம்மாதம் சிந்திப்போம். வளர்ப்பு நாயை வீட்டுக்கு வெளியே எங்கெல்லாம் அழைத்துச் செல்லலாம்? கடைக்குள் கொண்டுபோகலாமா? லிஃப்டில் ஏற்றலாமா? பூங்காவில் அவிழ்த்துவிடலாமா? ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு’ என்று சில வணிக வளாகங்கள் பலகை வைக்கின்றன. அதே சாலையிலுள்ள மற்றொரு கடை ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதி வைக்கிறது. ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் வாழ்வோர் இதன் நிமித்தம் பேச்சுவார்த்தையின்றி இருக்கும் நிலையும் அநேக இடங்களில் காணப்படுகிறது.

நாய் வளர்ப்பவரிடம் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “பயப்படாதீர்கள், எங்கள் நாய் கடிக்காது.” அவர் பொய் சொல்லவில்லை. அவரை அது கடித்ததில்லை. அவர் பிள்ளைகளையும் கடித்ததில்லை. ஆனால் எதிரே நிற்கும் அந்நியருக்கு இதை அறிய வழி ஏது? இக்கேள்வியிலிருந்தே நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஊரில் இருந்த நாயும் நகரத்து நாயும்

நம்மில் பலர் கிராமத்தில் பிறந்து பிழைப்புக்காக நகரத்திற்கு வந்தவர்கள். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர்பெற்ற நாட்டு நாய் இனங்கள் நம்முடைய தென்மாவட்டங்களுக்குரியவை. வீட்டு வாசலிலும், களத்திலும், தோட்டத்துக் கிணற்றடியிலும் நாய் படுத்திருக்கும். கயிறு கட்டி யாரும் அதைத் தெருவில் அழைத்துச் சென்றதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அது யார் வீட்டு நாய், அதன் சுபாவம் என்ன, எந்நேரத்தில் அதன் அருகே போகலாகாது என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்திருந்தது. அந்தப் பழக்கமே அதற்குக் கயிறாக இருந்தது.

நகரத்தில் அப்பழக்கம் இல்லை. நான்காம் மாடியில் வளரும் லாப்ரடாரைக் கீழ்த்தளத்துக் காவலாளிக்குக்கூட நன்றாகத் தெரியாது. தண்ணீர்க் கேன் கொண்டுவருபவர், கூரியர்க்காரர், பாத்திரம் தேய்க்க வரும் சகோதரி, விடுமுறைக்கு வந்த உறவினரின் குழந்தை ஆகியோர் தினந்தோறும் அந்நியராகவே அதன் முன் வந்து நிற்கிறார்கள். ஊரார் அறிமுகம் செய்த வேலையை நகரத்தில் கையிலுள்ள கயிறுதான் செய்ய வேண்டும். கயிறு நாயை அவமதிக்கும் காரியமல்ல. ‘உம்முடைய அச்சத்தை நான் மதிக்கிறேன்’ என்று முன்பின் அறியாதவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது.

நிகழ்ந்தவை

இது வெறும் மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல என்பதைச் சில சம்பவங்கள் காட்டுகின்றன.

2022 செப்டம்பரில் டெல்லியை அடுத்த காசியாபாத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஒரு சிறுவனை வளர்ப்பு நாய் கடித்தது. சிறுவன் வலியால் துடிக்க, நாயின் உரிமையாளர் உதவாமல் நின்ற காட்சி கேமராவில் பதிவாகி நாடெங்கும் பரவியது. மாநகராட்சி அவருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது.

2023 ஜனவரியில் ஐதராபாத்தில், உணவுப் பொட்டலம் கொடுக்க ஒரு வீட்டின் கதவைத் தட்டிய இளைஞர், உள்ளிருந்து பாய்ந்து வந்த வளர்ப்பு நாய்க்கு அஞ்சி ஓடி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார். சில நாட்களில் மருத்துவமனையில் மரித்தார். அவருடைய மரணத்துக்குக் கடி காரணமல்ல, அச்சமே காரணம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், கயிறின்றி வந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அப்பூங்காவின் காவலாளியுடைய மகள். தடுக்கச் சென்ற தாயும் காயமடைந்தார். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

இம்மூன்று சம்பவங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள்: ஒரு சிறுவன், ஒரு கூலித் தொழிலாளி, ஒரு காவலாளியின் குழந்தை. ‘உங்கள் நாயைக் கட்டுங்கள்’ என்று துணிந்து சொல்ல இயலாதவர்களே முதலில் காயப்படுகிறார்கள். நம்முடைய குடும்பங்களில் காவல் வேலை, வீட்டு வேலை, விநியோக வேலை செய்வோர் அநேகர். ஆகையால் இக்காரியம் நமக்கு நெருக்கமானது.

சட்டம் என்ன கூறுகிறது?

முதலாவது, நாய் வளர்ப்போருக்கு உரிமை உண்டு. உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று என்று அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு கூறுகிறது. குடியிருப்போர் நலச்சங்கங்கள் நாய் வளர்ப்பதற்கே தடை விதிக்க முடியாது என்றும், லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல முடியாது என்றும் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செல்லப் பிராணிகளை முற்றிலும் தடை செய்யும் விதிகள் செல்லாது என்று 2021ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, உரிமையோடு பொறுப்பும் உண்டு. தன்னிடமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ நேரிடாதபடி தக்க எச்சரிக்கை எடுக்கத் தவறுகிறவருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறவேண்டும் என்ற விதி பல மாநகராட்சிகளில் இருக்கிறது. நொய்டாவில், வளர்ப்பு நாயால் காயம் நேர்ந்தால் உரிமையாளர் 10,000 ரூபாய் அபராதம் செலுத்துவதோடு சிகிச்சைச் செலவையும் ஏற்க வேண்டும் என்று 2022 நவம்பரில் முடிவு செய்யப்பட்டது.

மூன்றாவது, சொந்த வீட்டில் நாய் வளர்க்கும் உரிமை வேறு. பிறருடைய கடைக்குள் அதைக் கொண்டுசெல்வது வேறு. துணிக்கடையோ புத்தகக்கடையோ, அனுமதிப்பதும் மறுப்பதும் கடைக்காரருடைய விருப்பம். உணவு சம்பந்தப்பட்ட இடங்களுக்கோ தனி விதி உண்டு. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, விலங்குகளும் பறவைகளும் செல்லப் பிராணிகளும் உணவு நிறுவன வளாகத்துக்குள் வர அனுமதிக்கலாகாது என்கிறது. ஆதலால் மளிகைக் கடைக்காரரோ, உணவக உரிமையாளரோ ‘நாயை வெளியே நிறுத்துங்கள்’ என்றால், அவர்மேல் கோபம் கொள்ளுவது நியாயமல்ல.

பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பயிற்றுவிக்கப்பட்ட நாய் இவ்வரிசையில் சேராது. நம் நாட்டில் அது அரிது. காணும்போது, அது ஒருவருடைய கண் என்பதை நினைவில் வைத்து வழிவிடுவோம். பணியிலிருக்கும் அதைத் தடவிக்கொடுப்பதும், அதற்குத் தின்பண்டம் கொடுப்பதும் கூடாது.

பிரயாணத்தில்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாயை என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் உண்டு. ரயிலில் ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு அல்லது நான்கு படுக்கைகள் கொண்ட அறை முழுவதையும் தங்களுக்கென்று பதிவு செய்தால் மட்டுமே நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, பிரேக் வேனிலுள்ள நாய்ப் பெட்டியில் அனுப்ப வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளிலும், ஸ்லீப்பர் பெட்டியிலும் அனுமதி இல்லை. டெல்லி மெட்ரோவிலும் செல்லப் பிராணிகளுக்கு இடமில்லை. பல மணி நேரம் இருட்டுப் பெட்டியில் தனியே பயணிப்பது நாய்க்கும் வேதனை. நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வது பல வேளைகளில் அதற்கும் நலம்.

நாய் வளர்ப்போருக்கு

பெங்களூரு கப்பன் பூங்காவில் 2022ஆம் ஆண்டு நடந்ததை நினைவில் கொள்ளுங்கள். சிலர் நாய்களைக் கயிறின்றி விடுகிறார்கள், அசுத்தத்தை அப்படியே விட்டுச் செல்கிறார்கள் என்ற புகார்களின்பேரில், செல்லப் பிராணிகளுக்குத் தடை விதிக்கப் போவதாகத் தோட்டக்கலைத் துறை அறிவித்தது. நாய் வளர்ப்போர் எதிர்த்ததனால் அத்தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும், சிலருடைய அசட்டை அனைவருடைய உரிமையையும் எவ்வளவு எளிதில் ஆபத்துக்குள்ளாக்குகிறது என்பது விளங்கிற்று. ஆகையால்:

1. வாசற்படியைத் தாண்டினால் கயிறு கையில் இருக்கட்டும். லிஃப்டில் ஒருவர் முன்னமே நின்றால், “நாங்கள் வரலாமா?” என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள்.

2. பழைய செய்தித்தாளோ பையோ எடுத்துச் சென்று, நாயின் அசுத்தத்தை நீங்களே அப்புறப்படுத்துங்கள். நீங்கள் விட்டுச் செல்வதைக் காலையில் குனிந்து எடுப்பவர் துப்புரவுத் தொழிலாளி. அவரும் ஒரு வீட்டின் தகப்பனோ தாயோதான்.

3. பெரிய நாயைச் சிறு பிள்ளைகளிடமோ வேலைக்காரப் பெண்ணிடமோ கொடுத்து அனுப்பாதீர்கள். இழுத்தால் பிடித்து நிறுத்தும் பலம் உள்ளவரே கயிற்றைப் பிடிக்க வேண்டும்.

4. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதற்கான அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

5. நண்பகலில் சுடும் தார்ச்சாலை நாயின் பாதங்களைப் புண்ணாக்கும். நகரும் படிக்கட்டில் அதன் நகங்கள் சிக்கிக்கொள்ளும். பூட்டிய காருக்குள் விட்டுச் சென்றால் வெப்பத்தினால் சாகவும் கூடும். அதைக் கடைவீதிக்கு அழைத்துச் செல்வது அதன் மகிழ்ச்சிக்கா, நம்முடைய பெருமைக்கா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வீடுகளில் ஜெபக்கூட்டம் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் முடியும்வரை நாயை ஓர் அறையில் வைத்திருங்கள். அதற்கு அஞ்சி வாசலிலேயே நின்று திரும்பிச் செல்லும் விதவைத் தாயோ சிறு பிள்ளையோ அதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். அடுத்த முறை வராமலே இருந்துவிடுவார்கள்.

அஞ்சுவோருக்கு

நாயைக் கண்டு அஞ்சுவது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. “தயவுசெய்து பிடித்துக்கொள்ளுங்கள்” என்று அமைதியாகக் கேட்கப் பழகுங்கள். ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு சேர்த்து வைத்து அசையாமல் நிற்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். உண்ணும், உறங்கும், குட்டிகளோடிருக்கும் நாயை நெருங்கலாகாது. பிறருடைய நாயை உரிமையாளரிடம் கேட்காமல் தொடலாகாது. வெறுப்பினால் கல்லெறிவதும், விஷம் வைப்பதும் குற்றம். பகை நாயோடு அல்ல; பேசவேண்டியது மனிதரிடம்.

கடித்துவிட்டால்

வெறிநாய்க்கடி நோயினால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் மரிக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் இந்தியர். நோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இயலாத காரியம். அதற்கு முன்போ, முற்றிலும் தடுக்கக் கூடியது.

கடித்தாலும், பல் கீறினாலும், புண்ணை நக்கினாலும், உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனை செல்லுங்கள். முற்காலத்தில் வயிற்றில் போட்ட பதினான்கு ஊசிகள் இன்று இல்லை. அரசு மருத்துவமனைகளில் முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் தோலில் தடுப்பூசி போடப்படுகிறது. காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றிலும் வேறு மருந்தும் செலுத்துவர். ‘வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இறுதியாக ஒன்று. 2023 செப்டம்பரில் அதே காசியாபாத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இந்நோயினால் மரித்தான். ஏறத்தாழ ஒன்றரை மாதத்திற்கு முன் அண்டை வீட்டாரின் நாய் அவனைக் கடித்திருந்தது. பெற்றோர் கோபிப்பார்கள் என்று அஞ்சி அவன் மறைத்துவிட்டான். தண்ணீரைக் கண்டு அவன் அஞ்சத் தொடங்கியபோதே வீட்டார் அறிந்தார்கள். அதற்குள் காலம் கடந்துபோயிற்று.

ஆகவே பெற்றோரே, இன்றிரவு உணவுக்கு அமரும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: “நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே எங்களிடம் சொல், உன்னைத் திட்டமாட்டோம்.” சொன்னபடியே திட்டாமலும் இருங்கள்.