திரியின் நீளமும் கிணற்றின் ஆழமும்

பாறையில் வெடி வைக்கும் தொழிலாளி இறந்தால் முதலில் எழும் சொல் 'கவனக்குறைவு' என்பதாகும். அச்சொல்லின் பொருத்தத்தைச் சோதிக்க, இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் 1831-க்கு முன் நிலவிய முறையைப் பார்ப்போம்.

பாறையில் துளையிட்டுக் கருமருந்தை நிரப்புவர். அதனுள் நீண்ட ஊசி ஒன்றைச் செருகி, அதைச் சுற்றிக் களிமண்ணை இட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பர். பின் ஊசியை உருவி, அந்தச் சிறு புழையில் மருந்து நிரப்பிய வைக்கோல் தண்டையோ வாத்து இறகின் தண்டையோ நுழைத்துக் கொளுத்துவர். இரும்பு ஊசி கல்லில் உரசித் தீப்பொறி பறந்தால் அங்கேயே முடிவு. தண்டு சில நேரம் நொடியில் எரிந்துவிடும். சில நேரம் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அணைந்துவிட்டதென நம்பித் திரும்பிச் சென்றவர்கள் மாண்டனர். எவ்வளவு கவனமாக இருந்தாலும் எரியும் வேகத்தைத் தொழிலாளி அறிய வழியே இல்லை.

தீப்பொறி எழாத செம்பு ஊசி முதல் தீர்வுகளுள் ஒன்று. ஆனால் செம்பு வளையும், தேயும், விலையும் கூடுதல். கெட்டிக்கும் இரும்புக் கம்பி நெடுங்காலம் நீடித்தது. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருப்புப்பாதைப் பணியின்போது ஃபினியஸ் கேஜ் என்பவரின் மண்டையைத் துளைத்துச் சென்றது அத்தகைய கம்பியே. மூளை அறிவியல் நூல்களில் அவர் பெயர் நிலைத்துவிட்டது; தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் அவரை நினைப்பவர் குறைவு.

பெரிய மாற்றத்தைக் கொணர்ந்த வில்லியம் பிக்ஃபோர்டு சுரங்கத் தொழிலாளி அல்லர். டக்கிங்மில் என்னும் ஊரில் இருந்த தோல் வணிகர். கயிறு திரிக்கும் இடத்தில் நூல்கள் முறுக்கப்படுவதைக் கண்டபோது அவருக்கு வழி புலப்பட்டது. கருமருந்தை நடுவில் ஒழுகவிட்டு, அதைச் சுற்றிச் சணல் நூலை முறுக்கி, எதிர்த்திசையில் இன்னொரு சுற்றுச் சுற்றி, ஈரம் புகாதபடி தார் பூசினார். 1831-இல் காப்புரிமை பெற்ற இந்தத் திரி அடிக்கு ஏறத்தாழ 30 விநாடி என்ற சீரான வேகத்தில் எரிந்தது. தொழிலாளியின் கையில் முதன்முறையாகக் கணக்கு ஒன்று கிடைத்தது: நான்கு அடித் திரி என்றால் இரண்டு நிமிடம்.

1860-களில் ஆல்ஃபிரட் நோபல் வெடிமூடியையும் டைனமைட்டையும் தந்தார். 1864-இல் நைட்ரோகிளிசரின் வெடித்து அவருடைய தம்பி எமில் மாண்டதும் இக்கதையின் பகுதிதான்.

ஆனால் பிக்ஃபோர்டின் கணக்கு சுரங்கத்திற்கு ஏற்றது. சுரங்கத்தில் திரியைக் கொளுத்தியவர் பக்கவாட்டில் ஓடி ஒரு திருப்பத்தில் மறையலாம். கிணற்றில் ஓட இடமில்லை. மேலேதான் ஏற வேண்டும். ஐம்பது அடி ஆழத்தில் நான்கைந்து குழிகளுக்கு ஒவ்வொன்றாகத் தீ வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடிப்பவருக்கு முதல் திரி தரும் இரண்டு நிமிடம் போதுமா? மேலே இழுப்பவரின் கை தளர்ந்தாலோ, கிரேன் நின்றாலோ சீரான திரியால் பயனில்லை. மேலே நின்றபடி மின்சாரத்தால் வெடிக்கச் செய்யும் முறையே கிணற்றுக்குப் பொருந்தும். அம்முயற்சியும் பிக்ஃபோர்டின் காலத்திலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. ஆக, எந்த முறையைக் கையாள்வது என்பது கூலி கொடுப்பவரின் செலவுக் கணக்காகவும் இருக்கிறது.

தமிழகத்தில் பாறைக் கிணறு வெட்டுவது தலித்துகளும் போயர் சமூகத்தாரும் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை. தாம் வெட்டிய கிணற்றிலேயே நீர் மொள்ளத் தலித்துகளுக்குத் தடை இருந்ததை இங்கு விரிக்கத் தேவையில்லை. பாசனக் கிணறு கனிமத்திற்காகத் தோண்டப்படுவதன்று. ஆதலால் 2025 வரை நடப்பிலிருந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் பாதுகாப்பு விதிகள் அதன் அடியில் நிற்பவரை எட்டியதில்லை.

எனினும் 2025 வரை நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வெடிமருந்து பயன்படுத்தப்பட்ட அகழ்வையும் பன்னிரண்டு அடிக்கு மேற்பட்ட அகழ்வையும் குறிப்பிட்டே சேர்த்தது. தற்செயல் கூலியாட்களுக்கு இருந்த விலக்கை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. விதியை வேண்டுமென்றே மீறினார் என்ற எதிர்வாதம் மரண வழக்கில் செல்லாது என்பதும் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே இருந்தது. 'கவனக்குறைவு' என்று காவல் நிலையத்தில் எழுதப்பட்டதைக் கண்டு குடும்பத்தார் ஒரு தொகைக்கு இசைந்து கையெழுத்திடும் முன், யாரேனும் இதை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். வெடிமருந்து உரிமம் எவர் பெயரில் இருந்தது, வெடி வைக்க அனுமதி பெற்றவர் அன்று அங்கு இருந்தாரா என்னும் இரு கேள்விகளையும் அதே நாளில் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.