தலை நிமிர்ந்து சாலையைக் கடப்போம்

ஜொகூர் பாரு, ஜாலான் வோங் ஆ ஃபூக். மாலை நேர நெரிசல். காதில் பாட்டு, கையில் கைப்பேசி. கார்கள் நகராமல் நின்றன. ‘வண்டிகள்தான் நிற்கின்றனவே’ என்று குனிந்த தலையோடு சாலையில் இறங்கினேன்.

திடீரென யாரோ என் புத்தகப்பையைப் பிடித்து இழுத்தார். மறுகணமே என்னை உரசுவதுபோல் ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து சென்றது. இரண்டு கார் வரிசைகளுக்கு நடுவிலிருந்த சந்தில் அது வந்திருக்கிறது. ஹாரன் அடித்தாராம், எனக்குக் கேட்கவே இல்லை. “டிக், ஹாத்தி-ஹாத்தி!” என்றார் பையை இழுத்த மலாய் மூதாட்டி.

மாணவ நண்பர்களே, நம் ஊரில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூருக்கு அதில் வேலைக்குப் போய் வருவோர் மட்டுமே ஆயிரக்கணக்கில் உள்ளனர். கார் நின்றுவிட்டது என்பதற்காக மோட்டாரும் நின்றுவிடாது. அதைக் கண்டுகொள்ள நம்மிடம் இருப்பவை கண்ணும் காதும்தான். கைப்பேசி அவ்விரண்டையும் ஒரே நேரத்தில் பறித்துக்கொள்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். ஒரு குறுஞ்செய்தியைப் படிக்க 3 விநாடி என்றால், அதற்குள் அது 50 மீட்டர் நெருங்கிவிடும்.

இது உலகம் முழுவதும் உள்ள சிக்கல். குனிந்தே நடப்பவர்களின் கண்ணில் படட்டும் என்று சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு சாலையோரத் தரையிலேயே சமிக்ஞை விளக்குகளைப் பதித்துச் சோதித்தார்கள். அமெரிக்காவின் ஹொனலுலு நகரில் அதே ஆண்டு, கைப்பேசியைப் பார்த்தபடி சாலையைக் கடப்போருக்கு அபராதம் விதிக்கும் சட்டம் நடப்புக்கு வந்தது.

நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான்: சாலையோரம் வந்ததும் கைப்பேசி பைக்குள் போய்விடும், காதொலிக் கருவியும் கழன்றுவிடும். வலம், இடம், மீண்டும் வலம் பார்ப்பேன். நின்றிருக்கும் காரைத் தாண்டும் முன் ஒரு கணம் நின்று, அடுத்த சந்தை எட்டிப் பார்ப்பேன். அருகில் மேம்பாலமோ பாதசாரிக் கடப்போ இருந்தால், சற்றுச் சுற்றானாலும் அதில்தான் போவேன்.

அன்று நான் படித்துக்கொண்டிருந்தது அம்மா அனுப்பிய செய்தி. “பத்திரமா வந்துகிட்டு இருக்கியா?” என்று கேட்டிருந்தார். சாலையைக் கடந்த பிறகு, ஓரமாக நின்றுதான் பதில் அனுப்பினேன். கை நடுக்கம் அப்போதும் நிற்கவில்லை.