கூரை அவருக்கு, அடிமனை ஊருக்கு
(சொந்த வீடு – 9)

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிற்றூரில் பிறந்த ஹேபிடட் ஃபார் ஹியுமானிட்டி அமைப்பைச் சென்ற வாரம் பார்த்தோம். வீடு பெறுகிறவரே மண் சுமப்பார், ஆணி அடிப்பார், பிறகு தவணை கட்டுவார். அப்போது ஒரு கேள்வியைப் பாக்கி வைத்திருந்தேன். ஊராரிடம் நிதி திரட்டி, சந்தை விலைக்குக் குறைவாக ஒருவருக்கு வீடு கொடுக்கிறோம். பத்து வருடம் கழித்து அவர் முழு விலைக்கு விற்றுவிட்டுப் போனால்? மானியம் அவரோடு போய்விடும். அடுத்த குடும்பத்துக்காக மறுபடியும் உண்டியல் குலுக்க வேண்டியதுதான்.

இதற்கு விடை தேடியவர்களும் அதே வட்டாரத்துக்காரர்கள். அமெரிக்கஸுக்குத் தெற்கே அடுத்த மாவட்டம் லீ கவுண்டி. 1960களில் அந்தப் பகுதியில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காகவே பல கறுப்பினக் குத்தகை விவசாயிகளை நில உரிமையாளர்கள் வெளியேற்றினார்கள். வேலை, வயல், வீடு மூன்றும் ஒரே நாளில் போய்விடும். சொந்த நிலம் இல்லாதவருக்கு ஓட்டுரிமையும் இல்லை என்பது சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங் போன்ற உரிமைப் போராளிகளுக்குப் புரிந்தது. 1968இல் ஒரு குழு இஸ்ரேலுக்குப் போய் கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுப் பண்ணைகளைப் பார்த்துவந்தது. அவர்களோடு உழைத்த ராபர்ட் ஸ்வானுக்கு இன்னொரு முன்மாதிரியும் மனத்தில் இருந்தது: வினோபாவின் கிராமதானம். தனித்தனியாகக் கொடுத்த பூதான நிலம் கடனுக்கும் விற்பனைக்கும் கைமாறிவிடுவதைக் கண்டு, நிலத்தை ஊரின் பெயரிலேயே வைக்கச் சொன்ன இயக்கம் அது. இங்கே நாம் ஏறக்குறைய மறந்துவிட்ட ஒன்று, அங்கே போய் வேர்விட்டது.

நிலத்தைப் பொதுவில் வைக்கும் அதே யோசனையில் 1969இல் லீ கவுண்டியில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ பண்ணை உருவானது. ஏறத்தாழ 5,700 ஏக்கர். வறட்சி வந்தபோது அரசுக் கடன் உரிய நேரத்தில் கிடைக்காமல் 1985இல் நிலம் கைவிட்டுப் போயிற்று. வெகுகாலம் கழித்து, இனப்பாகுபாட்டுக்காக 2009இல் 1 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. அது தனிக்கதை. பண்ணை மூழ்கினாலும் யோசனை பிழைத்துக்கொண்டது. அது கரையேறிய இடம் வடக்கே, வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன்.

சுமார் 45,000 பேர் வாழும் ஏரிக்கரை நகரம் அது. 1984இல் பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்தபோது நகராட்சி 2 லட்சம் டாலர் முதல்போட்டு ஒரு சமூக நில அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது. இன்று அதன் பெயர் சாம்ப்ளெய்ன் ஹவுசிங் டிரஸ்ட். 2008இல் உலக வாழ்விட விருது பெற்றது.

நடைமுறையைச் சொல்ல நம்மிடமே சொல் இருக்கிறது: அடிமனை. ஸ்ரீரங்கத்தில் கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பர்லிங்டனிலும் கட்டடம் குடும்பத்துக்குச் சொந்தம், மனை அறக்கட்டளைக்கு. 99 வருடக் குத்தகை, புதுப்பிக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். பெரிய வித்தியாசம் ஒன்று: அங்கே நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு குடியிருப்பவர்கள், ஒரு பங்கு பொதுமக்கள், ஒரு பங்கு உள்ளாட்சிப் பிரதிநிதிகள். மனைக்காரரை எதிர்த்து ஊர்வலம் போகவேண்டிய தேவை அவ்வளவாக வராது.

விற்கும்போதுதான் சூட்சுமம். ஒரு கணக்குப் போடுவோம். சந்தையில் 2 லட்சம் டாலர் பெறும் வீட்டை ஒரு செவிலியர் 1,50,000க்கு வாங்குகிறார். சில வருடங்களில் அதன் மதிப்பு 2,80,000 ஆகிறது. ஏறிய 80,000இல் கால் பங்கு, அதாவது 20,000, அவருக்கு. கடனில் அடைத்த அசலும் அவருடையதே. அடுத்தவர் 1,70,000க்கு வாங்குகிறார். முதலில் போட்ட 50,000 மானியம் வீட்டை விட்டு நகரவில்லை; 1,10,000 ஆக வளர்ந்து நிற்கிறது. இரண்டாவது குடும்பத்துக்காக யாரும் புதிதாகப் பணம் தரவேண்டியதில்லை.

இதில் ஊருக்கு என்ன லாபம்? வாடகை ஏறியதென்று நடுவருடத்தில் பள்ளி மாறும் பிள்ளைகள் குறைகிறார்கள். பேருந்து ஓட்டுநரும் பள்ளி உதவியாளரும் தாங்கள் வேலை பார்க்கும் ஊரிலேயே இரவும் தங்குகிறார்கள். வீட்டில் தானே குடியிருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே வாங்கிப் பூட்டிவைக்கும் வியாபாரம் இல்லை.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 2008 வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பிந்தைய கணக்கு. 2010 முடிவில் அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. நில அறக்கட்டளை வீடுகளில் 0.46 சதவீதம். இத்தனைக்கும் இவர்கள்தான் வருமானம் குறைந்தவர்கள். காரணம் மந்திரமில்லை. அறக்கட்டளையின் சம்மதமின்றி மனையோடு பிணைந்த அந்த வீட்டை ஏமாற்று வட்டிக்கு அடமானம் வைக்க முடியாது. தவணை தவறினால் வங்கி முதலில் அறக்கட்டளைக்குத் தெரிவிக்கும். அது பேசி, தவணையைத் திருத்தி, தேவைப்பட்டால் கைகொடுக்கும். ஒரு தெருவில் நான்கு வீடு ஏலத்துக்குப் போனால் ஐந்தாவது வீட்டின் மதிப்பும் விழும் என்பதால், காப்பாற்றப்படுவது கடனாளி மட்டுமல்ல.

எதிர்ப்பும் இருந்தது. ஏழைகளுக்கு மட்டும் ஏன் கால் பங்கு, மற்றவர்கள் முழு லாபத்தையும் எடுத்துக்கொள்ளும்போது? நியாயமான கேள்விதான்; இதைக் கேட்பவர்களை ரியல் எஸ்டேட்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பர்லிங்டனில் 20 வருட மறுவிற்பனைகளை ஆராய்ந்தபோது, வீட்டை விற்றுப் போனவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அடுத்து வாங்கியது முழு உரிமையுள்ள சந்தை வீடு. கால் பங்கு லாபமும் அடைத்த அசலும் அவர்களுக்கு முன்பணமாயின. மீதி மூன்றில் ஒரு பங்கினருக்கு அது போதவில்லை என்றும் இதே கணக்கைப் படிக்கலாம். 40 வருட உழைப்பில் இப்படி நிலைத்தவை சில நூறு வீடுகளே. நில விலை ஏறும் வேகத்தில் புதிய மனை வாங்க அறக்கட்டளையே இன்று திணறுகிறது.

(தொடரும்)