தாதி உரிமம்: டிசம்பர் 31உம் மூன்று வருடக் கணக்கும்

ஒன்ராறியோவின் முதியோர் இல்லங்களில் எங்கள் பெண்கள் பலர் பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் பராமரிப்புப் பணியாளர்களாக வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் மேற்கொண்டு படித்து ஆர்.பி.என். தாதிகளாகிறார்கள். சம்பளம் கூடுகிறது, பொறுப்பும் கூடுகிறது. சோதனை சித்தியடைந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களை வரிக்கணக்குச் செய்யும் காலத்தில் அடிக்கடி சந்திக்கிறேன்.

ஆர்.பி.என். என்பது 1991ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பெயர். ஒன்ராறியோ தாதியர் கல்லூரியின் பதிவேட்டில் இல்லாதவர் பொதுவாக அந்தப் பெயரில் வேலை செய்ய முடியாது. 'கல்லூரி' என்ற சொல் எங்கள் சனத்தைக் குழப்புகிறது. அங்கே வகுப்புமில்லை, மாணவருமில்லை. அது தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை.

படிப்பு வேறு இடத்தில்: கொலிஜ் ஒன்றில் இரண்டு வருட டிப்ளோமா, அதற்குள்ளேயே மருத்துவமனைப் பயிற்சி. பிறகு 2022 ஜனவரியில் வந்த ரெக்ஸ்-பி.என். சோதனை. நீங்கள் விடையளிக்கும் விதத்தைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தெரிவு செய்யும். குறைந்தது 90 கேள்வி, கூடியது 150. தொண்ணூறில் நின்றுவிட்டால் தோல்வி என்று அழத் தேவையில்லை. சித்தியடைந்தவருக்கும் அங்கேயே நிற்கலாம்.

உரிமத்தை ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31க்குள் இணையவழியில் புதுப்பிக்க வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் சேரும். அதன் பிறகும் கட்டாவிட்டால், அறிவித்தல் அனுப்பி 30 நாளின் பின் உரிமத்தை இடைநிறுத்தச் சட்டம் இடம் தருகிறது. பதிவேடு எவரும் பார்க்கக்கூடியது. வேலை தருபவரும் பார்ப்பார். அன்றிலிருந்து ஷிப்ட் இல்லை.

காசு கட்டுவது மட்டும் புதுப்பித்தல் அல்ல. பல கேள்விகளுக்கு உறுதிமொழியாகப் பதில் தர வேண்டும். தொழில்சார் காப்புறுதி இருக்கிறதா என்பது ஒன்று. கடந்த மூன்று வருடத்துக்குள் தாதியாக வேலை செய்தீர்களா என்பது இன்னொன்று. எங்கள் பெண்கள் மாட்டுப்படுவது இந்த இரண்டாவதில்தான்.

அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள், பிறகு அம்மாவின் நோய் என்று மூன்று வருடம் ஓடிவிடும். சிலர் நேரம் வசதி என்று பழையபடி பி.எஸ்.டபிள்யூ. வேலைக்கே போய்விடுவார்கள். அந்த வேலையைத் தாதித் தொழில் என்று தாங்களாகவே எண்ணி 'ஆம்' என்று அடிக்கக் கூடாது. சபையிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள். பொய்யான உறுதிமொழி ஒழுக்காற்று விசாரணை வரை கொண்டுபோகும்.

"வேலைக்குப் போகாமல் ஏன் வீணாகக் காசு கட்டுகிறாய்?" என்று கேட்கும் கணவர்மாரும் உண்டு. தொழில் செய்யாதோர் பிரிவுக்கு மாறினால் கட்டணம் குறைவுதான். ஆனால் திரும்பி வரும்போது அண்மையில் தொழில் செய்த ஆதாரம் கேட்பார்கள். மிச்சம் பிடித்த சில நூறு டொலருக்காக இரண்டு வருடப் படிப்பைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் இலாபமில்லை. மாதத்தில் ஓரிரு ஷிப்டாவது தாதியாகச் செய்து பொதுப் பிரிவிலேயே இருப்பது நல்லது என்பேன்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வருடாந்தக் கட்டணத்தையும், உரிமத்துக்குக் கட்டாயமான காப்புறுதிப் பணத்தையும் வரிப் படிவத்தின் 21200ஆம் வரியில் கழிக்கலாம். முதன்முறை பதிவதற்கான கட்டணத்தை அங்கே போட முடியாது. உரிமத்துக்கான சோதனைக் கட்டணம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 32300ஆம் வரியில் கல்விச் செலவாக வரலாம். வேலைத்தலம் திருப்பித் தந்த காசைக் கழிக்கக் கூடாது. ரசீதுகளை ஆறு வருடம் வையுங்கள்.

வீடு மாறினாலோ மின்னஞ்சலை மாற்றினாலோ முதலில் சபைக்கு அறிவியுங்கள். நினைவூட்டல்கள் மின்னஞ்சலில்தான் வருகின்றன. பழைய முகவரிக்குப் போய்க் கிடந்தாலும் டிசம்பர் 31 தள்ளிப்போகாது.