இரண்டரை சென்ட்!

இரண்டரை சென்ட்! அவர் கேட்டது அவ்வளவுதான். மணிக்கு 22½ சென்ட் கூலிக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். 25 ஆக்கித் தாருங்கள் என்றார். கேட்ட கூலி கிடைக்கவில்லை. மேற்பார்வையாளரின் கோபம்தான் கிடைத்தது. கலப்பையை விட்டவர் கிட்டாரை எடுத்தார்; ரயிலேறிவிட்டார்.

ஆண்டு 1943. இடம், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிளார்க்ஸ்டேல் நகரை அடுத்த ஸ்டோவால் பருத்திப் பண்ணை. ஆளின் பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. அந்தப் பெயரைச் சொன்னால் உலகுக்குத் தெரியாது. மட்டி வாட்டர்ஸ் என்றால் தெரியும். சேற்றுநீர் என்று பொருள்படும் அந்தப் பெயர், சேற்றில் விளையாடிய பிள்ளைக்குப் பாட்டி வைத்த செல்லப்பெயரிலிருந்து வளர்ந்தது.

இரண்டரை சென்ட் கொடுக்க மனம் வராத பண்ணையை இன்று யார் நினைக்கிறார்கள்? நினைக்கிறார்கள் என்றால், மட்டி வாட்டர்ஸ் உழைத்த பண்ணை என்பதற்காகவே நினைக்கிறார்கள்!

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த ஆண்டு 1865. சட்டம் ஒழித்தது, வயல் ஒழிக்கவில்லை. வாரத்துக்கு உழுதான் கறுப்பு உழவன். விதையும் மாவும் பண்ணைக் கடையில் கடன். அறுவடை முடிந்ததும் கணக்கு எழுதுபவர் முதலாளி. கணக்கைக் கேட்பவர் எவருமில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், பாடுபட்டவன் பக்கத்தில் எப்போதும் பாக்கியே நிற்கும். ரயிலில் தனிப் பெட்டி, பள்ளியில் தனிக் கொட்டகை. வாக்குச் சாவடியிலோ தனி இடம்கூட இல்லை. வெளியேதான் நிற்க வேண்டும்.

அந்த இருட்டுக்குள் ஒரு வெளிச்சம் சென்றது, ஏட்டின் வடிவில். 1905-ஆம் ஆண்டு ராபர்ட் அபட் என்பவர் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பின மக்களின் ஏட்டை, ரயில்வண்டிப் பணியாளர்களான கறுப்புத் தோழர்கள் கட்டுக்கட்டாகத் தெற்கே கொண்டு சென்றார்கள். படிக்கத் தெரிந்தவர் படித்தார். தெரியாதவர் சுற்றி உட்கார்ந்து கேட்டார். “வடக்கே வா, ஆலை இருக்கிறது, கூலி இருக்கிறது” என்ற சேதி பரவிற்று. ஓர் ஏட்டினால் என்ன ஆகும் என்று ஏளனம் பேசுவோர் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். 1940-இல் சிகாகோ நகரின் கறுப்பின மக்கள் தொகை சுமார் 2,78,000. 1960-இல் சுமார் 8,13,000!

இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள், இரவில் ஊர் நினைவு வந்தால் எங்கே போவார்கள்? பாட்டு இருக்கும் இடத்துக்குத்தான்.

இன்னொரு குடும்பமும் அந்நகருக்கு வந்து சேர்ந்திருந்தது. தெற்கிலிருந்து அல்ல, கடல் கடந்து. அப்போது போலந்திலும் இப்போது பெலாரஸ் நாட்டிலும் உள்ள மோட்டல் என்ற சிற்றூரின் யூதக் குடும்பம் அது. 1928-இல் வந்திறங்கிய சிறுவர்கள் இருவர், லெனார்டும் ஃபில்லும். தகப்பனார் செய்தது பழைய பொருள்களை வாங்கி விற்கும் தொழில். பிள்ளைகள் வளர்ந்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ‘மகோம்பா’ என்ற இரவு விடுதி நடத்தினார்கள். அங்கே பாடியவர்களைக் கேட்கக் கூட்டம் மொய்ப்பதைக் கண்டார் லெனார்டு. இந்தப் பாட்டைத் தட்டில் பிடித்தால் விற்குமே என்று கணக்கிட்டார். 1947-இல் ‘அரிஸ்டோக்ராட்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பணம் போட்டார். 1950-இல் அதற்குத் தம் குடும்பப் பெயரையே வைத்தார். அதுதான் செஸ் நிறுவனம்.

மட்டி வாட்டர்ஸ் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? முதலில் காகித ஆலையில் வேலை. பிறகு சன்னல் மறைப்புகளை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வண்டியில் ஓட்டுநர். ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்தபோது, உறவினர் இறந்துவிட்டார் என்று முதலாளியிடம் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். விடுமுறை கேட்டால் கிடைக்காத இடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பொய்யின் நியாயம்!

1948-இல் அவர் கிட்டாரும் குரலுமாக ஒரு பாட்டைப் பதிந்தார். ‘என்ன பாடுகிறான் இவன், ஒரு சொல்லும் புரியவில்லையே’ என்று சலித்துக்கொண்டாராம் லெனார்டு. பங்காளியான ஈவ்லின் ஆரன் அம்மையார் வற்புறுத்தித் தட்டை வெளியிடச் செய்தார். முதல் பதிப்பு ஓரிரு நாளில் விற்றுத் தீர்ந்தது. பாடியவரே தம் தட்டை வாங்கக் கடைக்குப் போனால், ஆளுக்கு ஒன்றுதான் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லும் நிலை! முதலாளிக்குப் புரியாத பாட்டு பாட்டாளிக்குப் புரிந்தது. அது அவன் வயலின் பாட்டு, அவன் விட்டுவந்த ஊரின் பாட்டு.

அந்த நாள் தட்டு அரக்கினால் ஆனது. மரத்தில் ஒட்டி வாழும் சிறு பூச்சி கசியவிடும் பிசின் அது. உலகுக்கு அதை மிகுதியாக அனுப்பிய நாடு இந்தியா. சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசி மக்கள் குச்சி குச்சியாகச் சுரண்டித் திரட்டிய அரக்கு, கப்பலேறி அமெரிக்கா போய், தட்டாகி, கறுப்புத் தொழிலாளியின் குரலைச் சுமந்தது. காட்டில் திரட்டியவனுக்குப் பாடியவனைத் தெரியாது. பாடியவனுக்குத் திரட்டியவனைத் தெரியாது. இருவரையும் இணைத்துச் சுழன்றது அந்தத் தட்டு. இருவர் கைக்கும் வந்தது சொற்பக் கூலிதான்!

செஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவு முறை, பட்டறை வேலை போன்றது. பணம் குறைவு, உத்தி அதிகம். பில் பட்னம் என்ற பொறியாளர், ஓடு பதித்த குளியலறையில் ஒலிபெருக்கியை வைத்து, அங்கே எழும் எதிரொலியைப் பாட்டோடு கலந்தவர். அவருடைய யுனிவர்சல் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் பல பதிவுகள் நடந்தன. 1951-இல் ஒரு பாட்டுக்கு முரசு அடித்தவரின் தாளம் பிடிக்காமல், லெனார்டே உட்கார்ந்து பெருமுரசைத் தட்டினார். 1952 மே மாதம் லிட்டில் வால்ட்டர் என்ற இளைஞர், கைக்கடக்கமான மவுத் ஆர்கனை ஒலிவாங்கியோடு சேர்த்துப் பிடித்து ஊதி, மின்சாரத்தில் பெருக்கி, ஒரு படையே முழங்குவது போலாக்கினார். சொல்லே இல்லாத அந்த இசை, கறுப்பின மக்களின் இசை வரிசையில் எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. 1955-இல் போ டிட்லி வந்தார். அதே ஆண்டு மட்டி வாட்டர்ஸ் வழிகாட்ட, செயின்ட் லூயி நகரிலிருந்து சக் பெர்ரி வந்தார். 1957 முதல் நிறுவனத்துக்குச் சொந்தக் கூடம், தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120-ஆம் எண். 1960-இல் எட்டா ஜேம்ஸ் பாடிய தட்டுகளும் இந்நிறுவனத்தின் கிளைப் பெயரில் வந்தவையே.

பாடியவர்கள் கறுப்பர்கள், விற்றவர்கள் வெள்ளையர்கள். இசைத்தொழிலாளர் சங்கத்திலாவது ஒன்றாக இருந்தார்களா? சிகாகோவில் வெள்ளைக் கலைஞருக்கு 10-ஆம் எண் சங்கம். கறுப்புக் கலைஞருக்கு 1902-இல் பட்டயம் பெற்ற 208-ஆம் எண் சங்கம். இரண்டும் ஒன்றானது 1966-இல்தான். தொழிலாளரைப் பிரித்து வைத்தால் ஆதாயம் யாருக்கு? விடையை நான் எழுதத் தேவையில்லை.

இனி, கணக்குக்கு வருவோம்.

பாட்டை எழுதியவருக்கு ஒரு பங்கு, பாடியவருக்கு ஒரு பங்கு என்பது அத்தொழிலின் விதி. அந்த உரிமைத் தொகையை நிர்வகிக்க, செஸ் சகோதரர்கள் 1953-இல் குட்மன் சகோதரர்களுடன் சேர்ந்து ‘ஆர்க் மியூசிக்’ என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். தட்டு விற்பவரும் அவரே, உரிமையைக் காக்கிறேன் என்பவரும் அவரே! கலைஞருக்குக் கார் வேண்டுமா, கிடைத்தது. வீட்டு வாடகையா, மருத்துவச் செலவா, அதுவும் கிடைத்தது. எல்லாம் ‘முன்பணம்’ என்று ஏட்டில் ஏறிற்று. பண்ணைக் கடையில் மாவும் விதையும் கடன். இங்கே காடிலாக் கார் கடன். பொருள் மாறிற்று, பேரேட்டின் போக்கு மாறவில்லை.

சக் பெர்ரி 1955 மே மாதம் பாடிய முதல் தட்டு, ‘மேபலீன்’. நாடெங்கும் விற்றது. தட்டு வெளிவந்த பின்தான் ஒட்டுத்தாளைப் பார்த்தார் பெர்ரி. எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்கள்! ஒருவர் ஆலன் ஃப்ரீட், தட்டுகளை வானொலியில் ஒலிபரப்பும் அறிவிப்பாளர். மற்றவர் ரஸ் ஃப்ராட்டோ, நிறுவனத்தாருக்கு வேண்டியவர். ஒரு சொல்லும் எழுதாதவர்களுக்கு எழுத்தாளர் பங்கு! வானொலியில் அடிக்கடி போட்டால் அறிவிப்பாளருக்கு இலாபம். போடப் போட நிறுவனத்துக்கு இலாபம். எழுதியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பாட்டு முழுமையாக அவர் பெயருக்குத் திரும்பிய ஆண்டு 1986. முப்பத்தோர் ஆண்டுகள்!

செஸ் சகோதரர்கள் கொடியவர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா? நியாயம் அதற்கு இடந்தராது. பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத குரல்களுக்கு அவர்கள் கதவு திறந்தார்கள். காரின் பின்புறத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு தென்மாநிலங்கள் முழுவதும் ஓட்டி, முடிவெட்டும் கடை வரையில் விற்றார்கள். 1963-இல் அவர்கள் வாங்கிய டபிள்யூ.வி.ஓ.என். வானொலி, ‘நீக்ரோவின் குரல்’ என்ற பொருள் தரும் அந்நாளையப் பெயரோடு, சிகாகோவின் உரிமைப் போராட்டத்துக்குத் துணை நின்றது. ஆளைப் பழிப்பது எளிது. ஆனால் நல்ல மனமுள்ள முதலாளியிடமும் கணக்கு வேண்டும் என்பதே பாடம். அன்பு வேறு, பேரேடு வேறு! தந்தை போல நடத்தினார் என்று உருகுகிறோம். தந்தையிடம் யாரும் ரசீது கேட்பதில்லை. அங்கேதான் ஆபத்து.

இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். ஹௌலின் உல்ஃப், ஓநாய் போல் உறுமும் குரலுடைய ஆஜானுபாகு. மிசிசிப்பியில் பிறந்து, எழுத்தறியாமல் வளர்ந்து, பெரியவரான பின் பள்ளிக்குப் போய்ப் படித்தவர். கணக்குப் பதிவும் கற்றார். கற்றதை என்ன செய்தார்? தம் குழுவினருக்குக் குறித்த நாளில் சம்பளம் கொடுத்தார். வேலையில்லாக் காலத்துக்கான காப்பீட்டுத் தொகையையும் ஒழுங்காகக் கட்டினார். மேடையில் தரையில் உருண்டு பாடியவர், சம்பளப் பட்டியலில் அணுவளவும் பிசகாதவர்! கல்வி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வில்லி டிக்சன், குத்துச்சண்டை வீரர். 1937-இல் இல்லினாய் மாநில வாகையர். இரண்டாம் உலகப்போரில், என் இனத்தை இழிவுபடுத்தும் நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்த மாட்டேன் என்று மறுத்துச் சிறை சென்றார். பின்னர் செஸ் நிறுவனத்தின் பாட்டெழுத்தாளராகவும், பதிவை நடத்தும் மேஸ்திரியாகவும் விளங்கினார். 1954-இல் மட்டி வாட்டர்ஸுக்குப் பெரும்புகழ் தந்த பாட்டு இவர் எழுதியது. 1970-களில் மட்டி வாட்டர்ஸும் இவரும் ஆர்க் மியூசிக் மீது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. 1985-இல், லெட் செப்லின் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயக் குழுவின் பாட்டொன்று தம் பாட்டின் சாயல் என்று மீண்டும் நீதிமன்றம் ஏறினார் டிக்சன். 1987-இல் அதுவும் உடன்பாடாயிற்று. கலைஞர்கள் தம் உரிமைத் தொகையைப் பெற உதவ ஓர் அறக்கட்டளையும் நிறுவினார்.

செஸ் நிறுவனம் என்ன ஆயிற்று? 1969-இல் ஜி.ஆர்.டி. என்ற ஒலிநாடா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. விலை 65 இலட்சம் டாலர், அதோடு பங்குகள். அதே ஆண்டு அக்டோபரில், 52 வயதில், மாரடைப்பால் லெனார்டு மறைந்தார். அதன்பின் கைமாறிக் கைமாறி அந்தப் பாட்டுகள் பெருநிறுவனங்களின் சொத்தாயின. 2008-இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் நடந்த தீவிபத்தில், செஸ் நிறுவனத்தின் மூலப்பதிவுகளும் எரிந்தன என்று 2019-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதிற்று.

1964 ஜூன் மாதம், ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் குழு 2120-ஆம் எண் வாயிலில் வந்து நின்றது. மட்டி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து தங்களுக்குப் பெயர் எடுத்துக்கொண்டவர்கள். அன்று அங்கே மட்டி வாட்டர்ஸ் ஏணியேறி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்கிறார் அக்குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ். இல்லவே இல்லை என்று மறுத்தார் லெனார்டின் மகன் மார்ஷல். எது உண்மையாயினும், அப்படி நடந்திருக்கலாம் என்று உலகம் நம்பிற்றே, அதிலேயே இருக்கிறது ஓர் உண்மை!

டிக்சன் 1992-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, அவருடைய துணைவியார் மரீ டிக்சன், அந்த 2120-ஆம் எண் கட்டடத்தையே விலைக்கு வாங்கினார். இன்று அங்கே இயங்குவது டிக்சனின் அறக்கட்டளை. எந்தக் கூடத்தில் கூலிக்குப் பாடினார்களோ, அந்தக் கூடத்தின் சாவி பாட்டெழுதியவர் வீட்டுக்கு வந்துவிட்டது!

தோழர்களே! நம் கையிலும் நாளை ஒரு தாள் நீட்டப்படும். ஆலையில், கிடங்கில், ஒப்பந்தக்காரர் மேசையில். கையெழுத்திடுமுன் படியுங்கள். புரியாவிட்டால் படித்தவரைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமானால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டரை சென்ட் சிறிய தொகைதான். அதைக் கேட்கத் துணிந்த அன்றுதான் ஓர் உழவன் தலைநிமிர்ந்தான். அதற்குக் கணக்குக் கேட்கத் துணிந்த அன்றுதான் ஓர் இனத்தின் பாட்டு, பாடியவனிடம் திரும்பத் தொடங்கிற்று.