மானிட்டர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

"ஸார், டெல் நல்லதா, எல்.ஜி. நல்லதா, சாம்சங் நல்லதா?"

கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் தெரிந்த ஆள் என்று ஆபீஸில் பெயர் எடுத்துவிட்டால் போதும். மாசத்துக்கு ரெண்டு பேராவது இந்தக் கேள்வியோடு என்னை மடக்குகிறார்கள். பெரும்பாலும் இருபத்தைந்து, இருபத்தெட்டு வயதுக்காரர்கள். வாரத்தில் ரெண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக் கூனிக் கூனிப் பார்த்து, கழுத்து 'என்னை விட்டுடுப்பா' என்று கெஞ்ச ஆரம்பித்த பிறகு, 'ஒரு பெரிய திரை வாங்கிடலாம்' என்ற ஞானோதயம்!

நியாயமான செலவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள், ஐந்து வருஷம்... ஆக மொத்தம் 10,000 மணி நேரம்! கல்யாணமானவர்கள் மனைவியின் முகத்தைக்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். (இந்தக் கணக்கை வீட்டில் சொல்ல வேண்டாம்.) அப்படிப்பட்ட பொருளை, பெட்டி மேல் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கலாமா?

என் பதில் எப்போதும் ஒன்றுதான். "பிராண்டை ஒப்பிடாதீங்க. மாடலை ஒப்பிடுங்க."

ஒரே வார்த்தையில் ஒரு பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். காரணத்தைக் கேட்டால் தெளிந்துவிடும்.

மாவு ஒண்ணு, தோசை வேற!

மானிட்டரின் உயிர் அதன் பேனல். படம் தெரிகிற அந்தத் தகடு. அதைச் செய்கிற பெரிய தொழிற்சாலைக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சீனாவின் பி.ஓ.இ., டி.சி.எல். குடும்பத்து சி.எஸ்.ஓ.டி., தைவானின் ஏ.யூ.ஓ., இன்னோலக்ஸ், கொரியாவின் எல்.ஜி. டிஸ்ப்ளே. டெல், எச்.பி., லெனோவோ, ஏசஸ் எல்லாரும் இந்த மாதிரி இடங்களில் பேனலை வாங்கித்தான் தங்கள் சட்டத்துக்குள் மாட்டுகிறார்கள். சாம்சங்கூட 2022-ல் எல்.சி.டி. பேனல் தயாரிப்பதை விட்டுவிட்டது. அதன் சீனத்துத் தொழிற்சாலை ஒன்றை சி.எஸ்.ஓ.டி. ஏற்கெனவே வாங்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. 'ஏ.ஓ.சி.யா, பிலிப்ஸா?' என்று மண்டையைக் குடைந்துகொள்பவர்கள் உண்டு. அந்த ரெண்டு பெயரிலும் மானிட்டர் செய்வது டி.பி.வி. என்ற ஒரே கம்பெனி!

ஒரே மில்லில் அரைத்த மாவை நாலு ஹோட்டல்காரர்கள் வாங்கிப் போகிற மாதிரிதான். தோசை நாலு விதமாக வருகிறதல்லவா? அங்கேதான் பிராண்டுக்கு வேலை. பின்னால் இருக்கும் சர்க்யூட், வண்ணத்தைச் சரி பார்த்து அனுப்பும் அக்கறை, ஸ்டாண்ட், வாரண்டி எல்லாம் அவர்கள் கைவண்ணம். அதிலும் ஒரே கம்பெனி மலிவாக ஒன்று, உசத்தியாக ஒன்று என்று ரெண்டு விதமாக வார்க்கும். டெல்லின் அல்ட்ராஷார்ப் வேறு, அதே டெல்லின் மலிவு மாடல் வேறு. ரெண்டு பிராண்டுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே பிராண்டின் ரெண்டு மாடலுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் பல சமயம் பெரிசு.

இஞ்சைப் பார்த்து ஏமாறாதீங்க

24 இஞ்சில் ஒன்று, 27 இஞ்சில் ஒன்று. விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். 'பெரிசே இருக்கட்டும்' என்று கை தானாகப் போகும். பொறுங்கள். ரெண்டிலும் 1920-க்கு 1080 புள்ளிகள்தானா என்று பாருங்கள். 24 இஞ்சில் அது ஒரு இஞ்சுக்குச் சுமார் 92 புள்ளி. 27 இஞ்சில் 82 புள்ளிதான். அதே மாவைப் பெரிய கல்லில் இழுத்து வார்த்த கதை. சினிமா பார்க்கச் சரி. எழுத்து படிக்கிறவர்களுக்கு 'ஞ'வும் 'ழ'வும் ஓரத்தில் பிசிறடிக்கும்.

27 இஞ்ச்தான் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 புள்ளிகள் உள்ளதை வாங்குங்கள். இஞ்சுக்கு 109 புள்ளி வந்துவிடும். அதற்குக் காசு இடிக்கிறதா? 24 இஞ்சே உத்தமம்.

அடுத்து பேனலின் ஜாதகம். மூன்று வகை. டி.என். பழசு, மலிவு. பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறிவிடும். வி.ஏ.வில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ராத்திரி படம் பார்க்கச் சுகம். ஆனால் வேகமாக நகரும் காட்சியில் இருட்டான பகுதிகள் இழுபடலாம். ஐ.பி.எஸ். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. கறுப்புதான் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். எக்செல்லும் ஈ-மெயிலுமாக நாள் ஓட்டுகிறவர்களுக்கு என் ஓட்டு ஐ.பி.எஸ்.ஸுக்கு.

பெட்டி மேல் இருக்கும் எண்கள்

90-களில் '15 இஞ்ச்' என்று விற்ற குண்டு மானிட்டரை ஸ்கேல் வைத்து அளந்தால் 14 இஞ்ச்கூடத் தேறாது. பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கண்ணாடியையும் சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். இப்போது இஞ்சில் அந்தத் தில்லுமுல்லு இல்லை. அது வேறு எண்களுக்குக் குடி போய்விட்டது!

'1 மில்லி செகண்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. பின் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றி அந்த எண்ணை எட்டிப் பிடிக்கிற வழியும் அதில் ஒன்று. வீடியோ கேம் ஆடாதவர்களுக்கு இந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கான்ட்ராஸ்ட் 'பல லட்சத்துக்கு ஒன்று' என்றிருந்தால் சிரித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிஜ எண்ணைத் தேடுங்கள். ஐ.பி.எஸ். என்றால் 1,000-க்கு ஒன்று, வி.ஏ. என்றால் 3,000-க்கு ஒன்று என்ற அளவில் இருக்கும்.

எச்.டி.ஆர்.? வீசா என்ற அமைப்பு 2017-ல் இதற்குத் தரம் வகுத்தது. அதில் 400 என்பது அடிப்படிக்கட்டு. அந்த முத்திரைகூட இல்லாமல் வெறுமனே 'எச்.டி.ஆர்.' என்று போட்டிருந்தால், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

உருப்படியான எண் ஒன்று உண்டு. ரிஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 75 அல்லது 100 இருந்தால், பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது எழுத்து வழுக்கிக்கொண்டு போகும்.

கழுத்துக்கு யார் பொறுப்பு?

கழுத்து வலிக்காகத்தானே வாங்கக் கிளம்பினோம்? ஆனால் முக்கால்வாசிப் பேர் ஸ்டாண்டைப் பார்ப்பதேயில்லை! மலிவு மாடல்கள் பலவற்றில் திரையை முன்னும் பின்னும் சாய்க்கலாம், அதோடு சரி. ஏற்றி இறக்க முடியாது. திரையின் மேல் ஓரம் உங்கள் கண் மட்டத்துக்கோ, கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். ஏற்றி இறக்கும் ஸ்டாண்டுக்குக் காசு இல்லையென்றால், முதுகுப் பக்கம் வீசா ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். 100 மி.மீ. இடைவெளியில் நாலு ஓட்டை. பிறகு தனியாக ஒரு கை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதுவும் இல்லையா? வீட்டில் தடிமனான கைடு புத்தகம் இருக்கும், அடியில் வையுங்கள். படித்ததற்கு ஒரு பயன்!

லேப்டாப்பில் யூ.எஸ்.பி. 'சி' ஓட்டை இருக்கிறவர்கள், அதே ஒயரில் படமும் வாங்கி, லேப்டாப்புக்குச் சார்ஜும் தருகிற மாடலா என்று விசாரியுங்கள். விலை கூடும். மேஜையில் ஒயர்க் காடு குறையும்.

புள்ளி செத்தால் என்ன செய்வார்கள்?

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் புது மானிட்டரை இயக்கியதும் நடுத்திரையில் ஒரு பச்சைப் புள்ளி. வெள்ளைப் பக்கம் திறந்தால் மறையும், கறுப்பில் மூக்குத்தி மாதிரி மின்னும். கம்பெனிக்குப் போன் போட்டான். "ஒரு புள்ளிக்கெல்லாம் மாத்த மாட்டோம் ஸார், இத்தனை வந்தாதான்" என்றார்கள். வாரண்டிச் சீட்டில் அப்படித்தான் இருந்தது. அவன் தப்பில்லை, அதைக் கடையில் யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

உலகத்தரமே சில புள்ளிகளை மன்னிக்கிறது. சில உசத்தி மாடல்களில் மட்டும், எரிகிற புள்ளி ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவதாக எழுதியே கொடுக்கிறார்கள். டெல்லின் அல்ட்ராஷார்ப் அதற்கு உதாரணம். பிராண்டுகளை ஒப்பிட்டே தீருவேன் என்பவர்கள் இங்கே ஒப்பிடுங்கள். எத்தனை வருஷம் வாரண்டி? ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா? திண்டுக்கல்காரர் 27 இஞ்ச் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறும் காட்சியைக் கற்பனை செய்துகொண்டு கேளுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும்...

ரிச்சி தெருவோ, உங்கள் ஊர்க் கடையோ, ஷோரூமில் ஓடும் கிளியும் அருவியும் எல்லாத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். "அதை நிறுத்துங்க பாஸ்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு தமிழ்ச் செய்திப் பக்கம், ஒரு எக்செல் ஷீட். சின்ன எழுத்து தெளிவாக இருக்கிறதா? முழுக் கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா? முழு வெள்ளையில் ஏதாவது புள்ளி கறுத்திருக்கிறதா? வெளிச்சத்தைக் குறைத்து, மொபைல் கேமரா வழியாகப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் விளக்கு துடிக்கிறது என்று சந்தேகப்படலாம். சிலருக்குத் தலைவலி தருவது அதுதான்.

பிடித்திருந்தால் உங்களுக்குத் தரப்போகும் பெட்டியையே பிரித்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் ஏற்றுங்கள். வாரண்டி முடிகிறவரை அதை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்!